சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? வயதான பெற்றோரோடு நேரடி விமானத்தில் போகலாமா?

தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரம். போகலாம். போன ஜூனில் நியூஜெர்சியில் இருக்கும் அக்காவைப் பார்க்க, 68 வயது அம்மாவை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த 15,300 என்பது வரைபடக் கணக்கு. ஓர் உருண்டை உலகப் படத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. எங்கள் விமானம் ஜப்பான் பக்கமாக ஏறி பசிபிக்கைத் தாண்டியது. முன்சீட்டுத் திரையைப் பார்த்த அம்மா, "ஏன்டா, அமெரிக்கா மேற்கேதானே இருக்கு? கிழக்கே போறானே?" என்று கேட்டார். காரணம் காற்று. பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகக்காற்று ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். அது முதுகில் தள்ளினால், சுற்றிப் போனாலும் சீக்கிரம் போய்விடலாம், எரிபொருளும் மிச்சம். காற்று தினமும் மாறுவதால் பாதையும் மாறும், நேரமும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

இந்த வழியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-லேயே நேரடி விமானம் விட்டது. நான்கு எஞ்சின் ஏர்பஸ், எரிபொருளை நிறையக் குடிக்கும், 2013-இல் நிறுத்திவிட்டார்கள். இரண்டே எஞ்சின் உள்ள ஏ350 வந்தபிறகு 2018-இல் மறுபடி தொடங்கினார்கள். இதில் எகானமி வகுப்பே கிடையாது. பிரீமியம் எகானமியும் பிசினஸும்தான். பிராங்க்ஃபர்ட்டில் இறங்கிப் போகிற விமானத்தில் எகானமி உண்டு, ஆனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பெற்றோர் கூட வருகிறார்கள் என்றால், காசு கொஞ்சம் கூடினாலும் நேரடியாகவே போங்கள் என்பேன். அரைத்தூக்கத்தில் எழுப்பி, பையைத் தூக்கி, இன்னொரு பாதுகாப்புச் சோதனை வரிசையில் அவர்களை நிறுத்த வேண்டியதில்லை.

கால் வீக்கத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அம்மா நன்றாகத் தூங்குகிறாரே என்று ஐந்து மணி நேரம் எழுப்பாமல் விட்டது என் தப்பு. இறங்கும்போது செருப்பு வார் பூட்டவில்லை, கணுக்கால் அவ்வளவு வீங்கியிருந்தது. விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நடக்க வையுங்கள். தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக் குடிக்காமலே இருந்துவிடுவார்கள்.

நேர வித்தியாசம் கோடையில் சரியாக 12 மணி, குளிர்காலத்தில் 13. நாங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, அதே தேதி காலை ஆறரை வாக்கில் இறங்கினோம். அம்மாவின் முள் கடிகாரமும் ஆறரையைத்தான் காட்டியது, திருப்பவே வேண்டியிருக்கவில்லை. "அப்போ நாம கிளம்பி ஆறரை மணி நேரம்தானா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. திங்கள் இரவு அங்கே ஏறினால் புதன் விடியற்காலை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவீர்கள். செவ்வாய் வானத்திலேயே கழிந்துவிடும். கூப்பிட வருகிறவரிடம் கிளம்பும் நாளைச் சொல்லாமல், இறங்கும் தேதியை எழுதியே அனுப்பிவிடுங்கள்.