நானோகுழாயின் வலிமை எங்கே போகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கார்பன் அணுக்களாலான நுண்குழாயான கார்பன் நானோகுழாய் எஃகைவிடப் பல மடங்கு வலிமையானது என்று படித்தேன். அப்படியானால் பிளாஸ்டிக்கில் சிறிது கலந்தாலே எஃகுக்கு நிகரான பொருள் கிடைக்க வேண்டுமே? 1991-இல் இக்குழாய்களை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த சுமியோ இஜிமாவின் கட்டுரை வந்து இத்தனை ஆண்டுகளாகியும் அது நடக்கவில்லை. எல்லாம் மிகைப்படுத்தல்தானா?

– ஒரு பொறியியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மிகை அல்ல. ஆனால் நீங்கள் படித்தது தனிக் குழாயின் வலிமை. கலவையின் கதை வேறு.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாயின் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 1000 கிகாபாஸ்கல். எஃகுக்கு 200, எபாக்சிப் பிசினுக்கு 3. கன அளவில் 1 சதவீதம் குழாய் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் நேராக நிறுத்தினால் கலவைக்கு 13 வரும். குழாய்கள் நாலாபுறமும் சிதறிக் கிடந்தால் அவற்றின் பங்கு ஐந்தில் ஒன்றாகிவிடும். அப்போது 5 மட்டுமே. குழாய்கள் வளைந்தும் திரண்டும் கிடப்பதால் சோதனையில் பெரும்பாலும் அதுவும் கிடைப்பதில்லை.

விறைப்பாவது பரவாயில்லை, வலிமைதான் உண்மையான சிக்கல். நாம் இழுப்பது பிசினை. அந்த விசை குழாயின் மேற்பரப்பு வழியாகத்தான் குழாய்க்குள் போக வேண்டும். 10 நானோமீட்டர் விட்டமும் 30 கிகாபாஸ்கல் வலிமையும் கொண்ட குழாயை எடுத்துக்கொள்வோம். பிசினின் பிடி 50 மெகாபாஸ்கல் என்றால், குழாய் தன் முழு வலிமையைத் தர 3 மைக்ரோமீட்டர் நீளம் வேண்டும். பிடி 5 ஆகக் குறைந்தால் 30 மைக்ரோமீட்டர் வேண்டும். அவ்வளவு நீளம் இல்லாத குழாய் உடையாது, உருவிக்கொண்டு வந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பல சுவர்க் குழாய்களில் இன்னொரு தொல்லை: பிசின் பிடித்திருப்பது வெளிச்சுவரை மட்டும். அது அறுந்தால் உள்சுவர்கள் உறையிலிருந்து வாள் உருவப்படுவதுபோல வழுக்கிவிடும்.

இதோடு மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு விசை குழாய்களைக் கட்டுக்கட்டாக ஒட்ட வைக்கிறது. மீயொலியால் பிரித்தால் அவை துண்டாகின்றன. அமிலத்தால் மேற்பரப்பில் கார்பாக்சில் தொகுதிகளைப் பொருத்தினால் பிடி கூடுகிறது, ஆனால் குழாய்ச் சுவரின் கார்பன் வலையில் ஓட்டை விழுகிறது. சேர்க்கும் குழாய்களின் சதவீதம் கூடினாலோ பிசின் கூழாகி, அச்சுக்குள் ஓட மறுக்கிறது.

என்னைக் கேட்டால், இந்தத் துறை மிகுதியாகக் கற்க வேண்டியது டொயோட்டா ஆய்வகத்தின் நைலான்–களிமண் கலவையிலிருந்து. களிமண் ஏடுகளுக்கு இடையில் நைலானின் மூல அலகான மோனோமரைப் புகுத்தி, அங்கேயே நைலானை வளர்த்தார்கள். சங்கிலிகள் ஏட்டின் பரப்போடு அயனிப் பிணைப்பில் சேர்ந்தன. எடையில் 4 சதவீதக் களிமண்ணிலேயே விறைப்பு ஏறத்தாழ இரட்டித்தது. சுமையின்கீழ் 65 டிகிரி செல்சியசில் வளைந்துகொண்டிருந்த நைலான் 140-க்கு மேலும் தாங்கியது. களிமண் ஏடு நானோகுழாய் அளவுக்கு விறைப்பானதே அல்ல. பரவலும் பிணைப்பும் சரியாக அமைந்தன, அவ்வளவுதான்.

மின்கடத்தலில் குழாய்கள் எப்போதோ வென்றுவிட்டன. அங்கே அவை ஒன்றையொன்று தொட்டோ நெருங்கியோ வலைபோல இருந்தால் போதும், எபாக்சியில் 0.1 சதவீதத்துக்கும் குறைவான அளவே மின்சாரத்துக்கு வழி திறந்துவிடுகிறது. நிலைமின்சாரம் சேரக்கூடாத எரிபொருள் குழாய்களில் அப்படித்தான் பயன்பட்டன.

இனி ஒரு கட்டுரை “வலிமை இத்தனை சதவீதம் கூடியது” என்றால், எதிலிருந்து என்று பாருங்கள். மென்மையான ரப்பரை இரட்டிப்பது எளிது. நன்கு இறுகிய எபாக்சியைச் சிறிது உயர்த்துவதே கடினம். ஆய்வகத்துக்குப் போனால் உலர்ந்த குழாய்த் தூளைத் திறந்த மேசையில் கையாளாதீர்கள். அவற்றில் எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற பல சுவர்க் குழாய் வகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.