பேலியோவில் (சோறு, சர்க்கரை போன்ற மாவுச்சத்தைக் குறைத்து, கொழுப்பை அதிகம் சாப்பிடும் உணவுமுறை) இருந்துகொண்டே ஜனவரியில் ஹாஃப் மராத்தான் (21 கிலோமீட்டர்) ஓட முடியுமா? லாங் ரன்னில், அதாவது அதற்கான நீண்ட பயிற்சி ஓட்டத்தில், என்ன சாப்பிட வேண்டும்?

தாராளமாக ஓடலாம். ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற நிதானமான ஓட்டத்துக்குத் தண்ணீரும் உப்பும் போதும். அதைத் தாண்டினாலோ, வேகம் கூட்டினாலோ, ஓடும்போதே கொஞ்சம் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் டயட் கெட்டுவிடுமே என்று கேட்டிருக்கிறீர்கள். கெடாது. சென்னையில் லாங் ரன் போகும் இடங்களில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் முகம் வெளுத்து ஓரமாக உட்கார்ந்துவிடும் பேலியோ நண்பர்களை அடிக்கடி பார்க்கிறேன். கையில் வாழைப்பழத்தைக் கொடுத்தாலும் வாங்க மறுப்பார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 21 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 1,500 கலோரி. சோறு, இட்லி என்று சாப்பிடுபவரின் தசையிலும் கல்லீரலிலும் 400 முதல் 500 கிராம் வரை கிளைகோஜன் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) இருக்கும், அதாவது 1,600 முதல் 2,000 கலோரி. பேலியோவில் இருப்பவருக்குப் பொதுவாக இந்த இருப்பு குறைவு. ஆனால் ஒல்லியாக இருப்பவரிடம்கூட எட்டு கிலோ கொழுப்பு இருந்தால் அதில் 60,000 கலோரிக்கு மேல் கிடக்கிறது. அதை எடுத்து எரிக்க உடலைப் பழக்கவும் முடியும். அமெரிக்காவில் ஜெஃப் வோலக் குழுவினர் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் 20 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. மாவுச்சத்தைக் குறைத்துப் பல மாதங்கள் பழகியவர்கள் உச்சகட்டத்தில் நிமிடத்துக்குச் சராசரியாக ஒன்றரை கிராம் கொழுப்பை எரித்தார்கள். மற்றவர்கள் எரித்தது அதில் பாதிக்கும் குறைவு.

அப்புறம் எதற்குச் சர்க்கரை என்றால், வேகத்துக்காக. ஒரே அளவு ஆக்ஸிஜனை வைத்துக்கொண்டு கொழுப்பிலிருந்து கிடைக்கும் சக்தி, மாவுச்சத்திலிருந்து கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவு. மூச்சு வாங்கும் வேகத்தில் ஓடும்போது இந்தச் சின்ன வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழுவினர் உலகத் தரப் போட்டி நடையர்களை மூன்று வாரம் கடும் பயிற்சியில் வைத்துப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். மாவுச்சத்து சாப்பிட்டவர்களின் 10 கிலோமீட்டர் நேரம் நன்றாக முன்னேறியது. கொழுப்பு உணவில் இருந்தவர்கள் அதே பயிற்சி செய்தும் முன்னேறவில்லை. கொழுப்பை அபாரமாக எரித்தார்கள், ஆனால் அதே வேகத்துக்கு அவர்களுக்கு ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்பட்டது. ஆகவே பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான் உங்கள் இலக்கு என்றால் பேலியோ உங்களைத் தாங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் வெறும் கொழுப்பை நம்பாதீர்கள். லோ கார்ப் (மாவுச்சத்து குறைந்த உணவு) ஓட்டக்காரர்களில் பெயர் பெற்ற அமெரிக்கர் ஜாக் பிட்டர், 2019இல் 100 மைல் தூரத்தை 11 மணி 19 நிமிடத்தில் ஓடி அன்றைய உலக சாதனையைப் படைத்தவர். அவரே போட்டி நாளில் மாவுச்சத்து எடுத்துக்கொள்பவர்தான்.

டயட் ஏன் கெடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்திருக்கும்போது இனிப்பு சாப்பிட்டால் இன்சுலின் ஏறி, அதன் உதவியோடுதான் சர்க்கரை தசைக்குள் போகிறது. ஓடும்போது தசை சுருங்கி விரிவதே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அட்ரினலின் இன்சுலினை அடக்கி வைத்திருக்கும். பதினான்காவது கிலோமீட்டரில் நீங்கள் மெல்லும் வெல்லம் சேமிப்புக்குப் போவதில்லை, எரிந்துபோகிறது. தட்டில் வைத்துச் சாப்பிடும் மாவுச்சத்துக்கு விதித்த கட்டுப்பாட்டை இதற்கும் விதிக்க வேண்டியதில்லை.

எவ்வளவு? விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்வது மணிக்கு 30 முதல் 60 கிராம். உங்களுக்கு 20, 25 கிராமில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் பழக்கமில்லாத வயிறு முரண்டு பிடிக்கும். ஓட்டக்காரர்களுக்கென்று பாக்கெட்டில் வரும் சர்க்கரை ஜெல் ஒத்துக்கொண்டால் ஜெல். எனக்குப் பிடித்தது கருப்பட்டி. முந்தின இரவே பாக்குவெட்டியால் கட்டைவிரல் நகம் அளவுத் துண்டுகளாக நறுக்கி, பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி வைத்துவிடுவேன். வெல்லமும் சரிதான், ஆனால் சென்னைப் புழுக்கத்தில் அரை மணியில் பிசுபிசுத்துப் பேப்பரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கரையக் கரைய ஒரு வாய் தண்ணீர். ஓடிக்கொண்டே மெல்ல வேண்டிய அவஸ்தை இல்லை. ஏலக்கி வாழைப்பழம், பேரீச்சை இரண்டும் நல்லவை. கடலை மிட்டாய் வேண்டாம். கடலையின் கொழுப்பு செரிக்க நேரம் எடுக்கும், துகள் தொண்டையில் சிக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, அதனால் ஓட்டம் முடிந்தபின் குடியுங்கள்.

உப்பைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் குறையும், இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியேற்றும். அதற்கு மேல் நம் ஊர் வியர்வை. ஓடி முடித்ததும் டீ-ஷர்ட்டில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிகிறதே, அது முழுக்க உப்பு. பேலியோக்காரர்களின் தலைச்சுற்றலுக்கும் கால் கனத்துப்போவதற்கும் பாதி நேரம் இதுதான் காரணம் என்பது நான் பார்த்த வரையில் உண்மை. முந்தின நாள் இரவு உப்பு போட்ட ஆட்டுக்கால் சூப், ஓடும்போது அரை லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பும் எலுமிச்சையும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்து, இரத்தத்தில் சோடியம் இன்னும் இறங்கிவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சர்க்கரை நோய்க்காகப் பேலியோவுக்கு வந்தவராக இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு, மாவுச்சத்தும் குறைவாக இருந்து நெடுநேரம் ஓடவும் செய்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். மருத்துவரிடம் பேசாமல் லாங் ரன் போகாதீர்கள்.

பேலியோவை இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் முதல் மூன்று, நான்கு வாரம் கால்கள் ஈயம் கட்டியது போல இருக்கும். அந்தச் சமயத்தில் போட்டி வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஜனவரியில் ஓடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள், நாள் இருக்கிறது. ஞாயிறு லாங் ரன்னுக்கு முன் பேலியோக்காரர்களின் வழக்கமான காலை உணவான நூறு பாதாமைச் சாப்பிடாதீர்கள், அத்தனை கொழுப்பும் நாரும் வயிற்றில் கல்லாக உட்காரும். கருப்புக் காபியும், பசித்தால் ஒரு முட்டையும் போதும். ஓடத் தொடங்கி முக்கால் மணி ஆனதும் முதல் கருப்பட்டித் துண்டு, பிறகு இருபது நிமிடத்துக்கு ஒன்று. போட்டி நாளில் எதை எப்போது சாப்பிடப்போகிறீர்களோ, அதை அதே நேரக் கணக்கில் குறைந்தது மூன்று, நான்கு ஞாயிறுகளாவது சாப்பிட்டு ஓடிப் பார்த்துவிடுங்கள். ஓடி முடித்த பிறகு முட்டை, மீன், காய்கறி என்று வயிறாரச் சாப்பிடலாம், அன்றைக்கு ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.