கேம் ஆடும்போது பட்டென்று அணையும் கணினி

கேம் ஆரம்பித்த பத்து நிமிடத்தில் நீலத்திரைகூட வராமல் பட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகிறது, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கிறது, விண்டோஸைத் திரும்பப் போட்டும் சரியாகவில்லை என்கிறீர்கள். அந்த 41 காரணத்தைச் சொல்லாது. ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றுவிட்டது என்பதற்கான பதிவு மட்டும்தான் அது, அதைத் துரத்த வேண்டாம்.

எனக்கு மின்சாரப் பக்கம்தான் சந்தேகம். உங்கள் கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் இழுக்கும், அதற்கு அதைத் தயாரிக்கும் என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) கேட்கிறது, உங்களிடம் இருப்பதோ பழைய 450. போதாததற்கு எல்லாம் 600 விஏ யூபிஎஸ் வழியாகப் போகிறது, அந்த அளவு யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், மானிட்டரும் அதிலேயே என்றால் சொல்லவே வேண்டாம். என் கணினியிலும் இதே கதைதான், அணைகிற நொடியில் யூபிஎஸ் ஒருமுறை 'கீங்' என்று கத்தும். முதலில் அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டு ஆடிப் பாருங்கள்.

அப்படியும் அணைந்தால் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்குக் குறைத்து ஆடுங்கள், அதில் பிரச்சினை வரவில்லையென்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்தான், யோசிக்காமல் நல்லதாக ஒன்று வாங்கிவிடுங்கள். சரி, அதுவும் இல்லையென்றால் சிபியு வெப்பத்தைப் பாருங்கள், 100 டிகிரியைத் தொட்டால் அதன் மேலிருக்கும் ஹீட்சிங்கில் தூசியைத் தட்டிப் புதுத் தெர்மல் பேஸ்ட் போடுங்கள். ரேமை அப்புறம் பார்க்கலாம்.