வாசகர் கேள்வி – பதில்: ஸ்பிட்டி செல்லும் ஜிம்னிக்கு எது தேவை, எது சுமை?

கேள்வி: மாருதி ஜிம்னி வைத்திருக்கிறேன். வரும் ஆகஸ்டில் நண்பர்கள் இருவருடன் மணாலி வழியாக ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குச் சென்று, இரவுகளில் கூடாரத்தில் தங்கி வரத் திட்டம். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட், பெரிய டயர், இரும்பு முன் பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், கூரைமேல் விரியும் கூடாரம் ஆகிய அனைத்தும் அவசியம் என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். எதிலிருந்து தொடங்கலாம்?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: எடைக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஐந்து கதவு ஜிம்னியின் வெற்று எடை சுமார் 1,200 கிலோ. ஆட்கள், சாமான்கள் அனைத்தும் சேர்ந்து அது தாங்குவதற்கு நிறுவனம் வகுத்த உச்ச எடை 1,545 கிலோ. ஆக, உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ 340 கிலோ மட்டுமே. மூன்று பேருக்கு 210 கிலோவைக் கழித்தால் 130 கிலோ மிஞ்சும். கூரைக்கூடாரமும் அதைத் தாங்கும் கேரியரும் எழுபது கிலோவைத் தொட்டுவிடும். இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் இன்னும் ஐம்பது, அறுபது கிலோ. அரிசி, தண்ணீர், படுக்கை, கருவிகள் எதையும் ஏற்றுவதற்கு முன்பே வண்டி நிறைந்துவிடும். கடைகளில் தரப்படும் பட்டியல்களில் விலை இருக்கிறது, எடை இருப்பதில்லை. வாங்குபவர்தான் ஒவ்வொன்றுக்கும் எடை கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு மலையில் இன்னும் கடுமையாகிறது. ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. நீங்கள் கடக்கவிருக்கும் குன்சும் கணவாய் சுமார் 4,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவதால், 103 குதிரைத்திறன் என்று கையேட்டில் படித்த எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்த நிலையில்தான் ஏறும். அந்த உயரத்தில் ஒவ்வொரு பத்து கிலோவும் கிளட்சில் தெரியும். இறக்கத்தில் பிரேக்கில் தெரியும். எடை கூரையின் மேல் இருந்தால், ஒரு பக்கம் சரிந்த பாதையில் வண்டி கவிழும் அபாயமும் கூடுகிறது. ஆகவே கூரைக்கூடாரம் வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. நான்கைந்து கிலோவில் நல்ல தரைக்கூடாரம் கிடைக்கிறது.

பணத்தை முதலில் டயரில் போடுங்கள். வண்டியோடு வரும் 195/80 ஆர்15 அளவுக்குப் பதிலாக 215/75 ஆர்15 அளவில், எல்லாத் தரைக்கும் ஏற்ற ஆல்-டெரெய்ன் டயரைப் பலரும் பொருத்துகிறார்கள். அதன் விட்டம் சுமார் 10 மில்லிமீட்டர்தான் கூடுதல். தரை இடைவெளி அதில் பாதி, அதாவது 5 மில்லிமீட்டரே உயரும். எனவே உயரத்துக்காக டயரை மாற்றுவதில் பொருளில்லை. கூரிய கற்களால் கிழிபடாத கனமான பக்கச்சுவருக்காகவே மாற்ற வேண்டும். அதைவிடப் பெரிய பயன் காற்றழுத்தத்தைக் குறைப்பதில் கிடைக்கிறது. மணலிலும் உதிர்சரளையிலும் 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து தரையைப் பற்றும். சற்றுமுன் ஒரே இடத்தில் சுழன்று குழி பறித்த சக்கரம் மெல்ல ஊர்ந்து வெளியேறும். அந்த நிலையில் வேகம் கூடாது, திருப்பத்தில் வெடுக்கென ஒடிக்கவும் கூடாது. தார்ச்சாலை வந்ததும் மீண்டும் காற்று நிரப்ப வேண்டும் என்பதால், காற்றழுத்தமானியும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் உங்கள் பட்டியலில் வின்ச்சுக்கு மேலே இருக்க வேண்டியவை.

அடுத்து, ஒரு மண்வெட்டி, சக்கரத்தின் அடியில் செருகும் இரண்டு ரெக்கவரி போர்டுகள், நீளும் தன்மையுள்ள மீட்புக் கயிறு, கயிற்றை மாட்டுவதற்கான, எடைத்திறன் பொறிக்கப்பட்ட ஷேக்கிள்கள் (இணைப்பு வளையங்கள்). கயிற்றை வண்டியின் மீட்புக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் இழுப்பதற்கான உருண்டைத் தலையில் மாட்டி வெட்டி இழுத்தால், அது முறிந்து கயிற்றோடு பறந்து வந்து ஆளைக் கொல்லக்கூடும். இழுக்கும்போது கயிற்றின் அருகில் யாரும் நிற்கக் கூடாது.

லிஃப்ட் பற்றி: ஜிம்னியின் இரு அச்சுகளும் இடது, வலது சக்கரங்களை ஒரே தண்டாக இணைக்கும் திடஅச்சுகள். ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் முன் அச்சின் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைந்து, திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் தன்மை மங்கும். நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி அலையும். உங்கள் பாதைக்கு இயல்பான 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி போதும். இரும்பு பம்பருக்குச் சட்டமும் தடையாக நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. முன்பக்க இரும்புக் காப்புகள் அனுமதிக்கப்பட்டவை அல்ல என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீட்டிலும் சிக்கல் எழலாம்.

முடியுமானால் பயணத்தைச் செப்டம்பருக்குத் தள்ளுங்கள். ஆகஸ்டில் மழைச்சரிவும் பனியுருகலும் சேர்ந்து வரும். வழியில் குறுக்கிடும் நாலாக்களில் (மலையோடைகளில்) காலையில் முழங்காலுக்குக் கீழ் ஓடும் நீர், வெயில் ஏறியபின் பிற்பகலில் பெருக்கெடுக்கும். ஆகவே அவற்றைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். மணாலியை விட்டால் பெட்ரோல் பங்க் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவில்தான். இடையில் சுமார் 200 கிலோமீட்டர். தொட்டி முழுவதும் நிரப்பினால் கிடைக்கும் 40 லிட்டர் அதற்குத் தாராளம். சந்திரதால் ஏரிக்கரையிலேயே கூடாரமிட அனுமதியில்லை. ஏரிக்குச் சற்றுத் தள்ளித்தான் முகாமிடங்கள்.

புறப்படுவதற்கு முன், சாமான்கள், ஆட்கள் அனைத்தோடும் வண்டியை ஒரு லாரி எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். 1,545-ஐத் தாண்டினால் எதையாவது இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கேள்வி: என் மஹிந்திரா தார் வண்டியின் பின்பகுதியில் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியும் சிறு ஃபிரிட்ஜும் வைத்திருக்கிறேன். வண்டி பேட்டரியோடு நேராக இணைத்துவிடலாம் என்கிறார் மின்பணியாளர். சரியா? பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?
– திருச்சி வாசகர்

பதில்: நேராக இணைப்பது சரியல்ல. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, வண்டியில் மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை நெடுநேரம் இழுத்து அதைச் சூடாக்கிவிடும். இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டி.சி.–டி.சி. சார்ஜர் ஒன்று கட்டாயம் வேண்டும். தங்கள் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 1,280 வாட்-மணி. 45 வாட் எடுக்கும் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் நாளில் பாதி நேரம் ஓடுவதாகக் கொண்டால் ஒரு நாளைக்கு 540 வாட்-மணி செலவாகும். இரண்டு நாள் நம்பலாம்.

வேறு இரண்டு செய்திகளைத் தங்கள் மின்பணியாளரிடம் அவசியம் சொல்லுங்கள். முதலாவது, எஞ்சின் அறையிலிருந்து வரும் வயர் தகட்டுத் துளையின் வழியே நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அதிர்வில் அந்தத் தகட்டின் விளிம்பு வயரின் உறையை நாளடைவில் அறுத்துவிடும். செம்பு தகட்டைத் தொட்டால் தீப்பற்றும். அதனால்தான் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள்ளேயே ஃபியூஸ் வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். இரண்டாவது, இந்த வகைப் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் அதன் செல்கள் நிரந்தரமாகக் கெடும். லடாக் போன்ற இடங்களுக்குச் செல்வதானால், குளிரில் சார்ஜைத் தானாக நிறுத்தும் வசதி தங்கள் பேட்டரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேகமலைக் காட்டுக்குள் நான்கு சக்கர இயக்க வண்டியில் சென்று ஓரிரவு கூடாரமிட்டுத் தங்க முடியுமா?
– தேனி வாசகர்

பதில்: முடியாது. அது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி உள்ளே நுழைவதே குற்றம். வனத்துறை அனுமதித்த விடுதிகளிலோ, உரிமையாளரின் இசைவு பெற்று வனத்துக்கு வெளியே உள்ள தனியார் தோட்டத்திலோ தங்கலாம். தோட்டத்தில் தங்கினாலும் யானை வழித்தடம் எது என்பதைத் தோட்டத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்து, அதிலிருந்து விலகியே கூடாரத்தை அமையுங்கள். உணவுப் பொருள்களைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.