கோழிப்பண்ணைக்காரர் தொடங்கிய கடை

கேள்வி: பழமைவாதம் என்றால் பழையதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதானே? மேல்நாட்டில் அரசையே 'திங்க் டேங்க்'காரர்கள்தான் நடத்துகிறார்கள் என்று டீக்கடையில் சொல்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: முழுக்க அப்படி இல்லை. 1790-ல் பிரெஞ்சுப் புரட்சியைத் திட்டி எழுதிய, பழமைவாதத்தின் முன்னோடி எனப்படும் எட்மண்ட் பர்க்கேகூட, மாற வழியில்லாத நாட்டுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்றார். அவர் பயந்தது ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் புரட்டிப்போடுவதற்கு. சரி, ஆனால் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோள்சீலை போடும் உரிமைக்காக 1859 வரை அடிபட்ட நம் மண்ணில் வந்து 'வழக்கத்தில் ஒரு ஞானம் இருக்கிறது' என்றால், யாருடைய வழக்கம் என்று நாம் கேட்கத்தான் செய்வோம்.

அடுத்தது திங்க் டேங்க், அதாவது அரசின் கொள்கைக்கு யோசனை எழுதிக்கொடுக்கும் ஆய்வு நிறுவனம். ஆண்டனி ஃபிஷர் என்ற ஆங்கிலேயருக்கு அரசியலில் இறங்க ஆசை. பொருளாதார அறிஞர் ஹாயெக், தேர்தலை விடு, படித்தவர்கள் மனதை மாற்று என்றார். கோழிப்பண்ணையில் நல்ல காசு பார்த்த ஃபிஷர், 1955-ல் லண்டனில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்க, அது சளைக்காமல் சின்னச் சின்னப் புத்தகங்களாக அச்சடித்துத் தள்ளியது. 1979-ல் தாட்சர் பிரிட்டன் பிரதமரானபோது அந்த யோசனைகள் தயாராக இருந்தன.

அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற திங்க் டேங்க் இன்னும் நேரடி. 1981-ல் 1,000 பக்கத்துக்கு மேல் வேலைத்திட்டம் எழுதிக்கொடுத்தது, அதிபர் ரீகன் அதை அமைச்சர்களுக்கு விநியோகித்தார். அதற்காக இவர்கள்தான் அரசை நடத்துகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புது அமைச்சருக்கு முதல் நாளே எழுதிய தாள் கிடைத்தால் அவசரத்துக்கு அதைத்தானே புரட்டுவார்? அதே நிறுவனம் 2023-ல் சுமார் 900 பக்கத்தில் இன்னொன்று போட்டது. தேர்தல் நேரத்தில் எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற டிரம்ப், ஜெயித்ததும் அதை எழுதியவர்களில் சிலருக்குப் பதவி கொடுத்தார்.