கடன் கொப்பியில் கீரை இல்லை: கேள்வி பதில்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் 14 வருடமாகச் சமூகப்பணி செய்கிறேன். ஊட்டச்சத்து பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொக்கட்டிச்சோலைத் தாய்: கிளினிக்கில் தந்த திரிபோஷா சத்துமாவை மூன்று பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். பிழையா அக்கா?

மூத்தவன் பார்த்துக்கொண்டிருக்க இளையவளுக்கு மட்டும் ஊட்ட யாருக்கு மனம் வரும்? ஆனாலும் அது எடை குறைந்த பிள்ளைக்கென்று தந்தது. பங்கு வைத்தால் அடுத்த மாதம் தராசு காட்டிக்கொடுத்துவிடும். மூத்த பிள்ளைகளுக்குப் பயறு அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று, சோற்றோடு பிளேன்டீ வேண்டாம். கீரையின் இரும்புச்சத்தைத் தேயிலைச் சாயம் உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் போகட்டும்.

மட்டக்களப்பு நகர இளைஞர்: கிராமங்களில் சத்துணவு விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்த விரும்புகிறோம். என்ன தலைப்பு வைக்கலாம்?

தலைப்பு இருக்கட்டும் தம்பி, முதலில் ஒரு வீட்டுக்கு வாருங்கள். போன மாதம் ஒரு தாயின் கடன் கொப்பியைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் அரிசி, சீனி, சோயா மீட், பிஸ்கட், மறுபடி பிஸ்கட். மரக்கறி என்று இருந்தது வெங்காயம் மட்டுமே. வேளாண்மை வெட்டும்வரை கடைக்காரர் கடன் கொடுக்கிறார், நல்ல மனிதர். வாடும் கீரையை வாங்கி வைத்து அவர் எப்படிக் கடனுக்கு விற்பார்? 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததும் வாவியைக் கடக்கப் பாதைக்கு (மிதவைக்கு) காத்துக்கிடந்த பாடு தீர்ந்தது, உண்மைதான். பாலம் கடந்து சந்தைக்குப் போய்வர பஸ் காசோடு ஒரு நாள் கூலியும் போய்விடும். இங்கே கறக்கும் பால் விடியற்காலையிலேயே அக்கரைக்குப் போகிறது. கடையில் இருப்பது பால்மா. வல்லாரை நல்லது என்று அந்தத் தாய்க்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

களுவாஞ்சிக்குடி வாசகர்: வளவு கிடக்கிறதே, தோட்டம் போடச் சோம்பல்தானே?

இந்தச் சோம்பல் கதையை எத்தனை தரம் கேட்பது! ஒரு திட்டத்தில் 20 வீடுகளுக்குக் கத்தரி, மிளகாய் நாற்றுக் கொடுத்தோம். வேலிக்குக் காசு கேட்டோம், இல்லை என்றார்கள். கட்டாக்காலி மாடுகள் இரண்டே இரவில் தின்று தீர்த்தன. அறிக்கையில் மட்டும் 20 தோட்டங்களும் செழித்து நிற்கின்றன.

கிரான் பண்ணையாளர்: மாட்டைக் குறை சொல்ல வேண்டாம். மேய்க்க நிலம் எங்கே?

நியாயமான கோபம். மாரியில் வயல் விதைத்ததும் மாடுகளை மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் கொண்டுபோவது வழக்கம். அந்த மேய்ச்சல் தரை பறிபோகக் கூடாதென்று 2023 முதல் பண்ணையாளர்கள் போராடுகிறார்கள். தோட்டம் போடும் காலமும் அதே மாரிதான். தரை பறிபோனால் மாடு ஊருக்குள் நிற்கும், கத்தரியும் போகும், பாலும் குறையும்.

களுவாஞ்சிக்குடி வாசகர்: அரசியல் பேச வேண்டாம், சாப்பாட்டைப் பேசுங்கள்.

சாப்பாட்டைத்தான் ஐயா பேசுகிறேன்.

வாகரை வாசகர்: எங்களுக்கு மாடு அல்ல, யானை.

அதற்கு என்னிடம் மருந்தில்லை. பிரதேச செயலகத்தில் ஊராகச் சேர்ந்து மனுக் கொடுங்கள், தனியாகப் போக வேண்டாம்.

ஏறாவூர்ச் சகோதரி: முருங்கையிலைத் தூள் எந்தக் கம்பனியில் வாங்கலாம்?

இதே கேள்வி மூன்றாவது முறை. வேலியில் நிற்கும் மரத்தில் இலை ஆய்ந்து, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டி, இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: சீனி வருத்தத்துக்குக் குரக்கன் பிட்டு எத்தனை சாப்பிடலாம்?

உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்.

ஆரையம்பதி வாசகர்: சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கலாமா?

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முதலாவது பதிலை வாசியுங்கள்.