பழைய அம்பாசிடரின் ஜன்னல் பீடிங்கை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

1980களில் வாங்கிய அம்பாசிடரில், கதவுக் கண்ணாடியை ஒட்டி வெளிப்புறம் இருக்கும் பீடிங்கும் (பளபளப்பான உலோகப் பட்டை) ரப்பரும் கெட்டுவிட்டன, வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். ஆனால் நம் வடசென்னைக் கடலோரத்தில், தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் கார் வைத்திருப்பவர்கள், புதிய பீடிங் வாங்குவதற்கு முன் பழையது என்ன உலோகம் என்று பார்த்துவிட வேண்டும் என்பதை நான் அழுத்தமாகச் சொல்வேன்.

பழைய பட்டை துருப்பிடிக்காத எஃகாக இருந்தால், எவ்வளவு மங்கியிருந்தாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். பஃபிங் செய்பவரிடம் (உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றுபவர்) கொடுத்தால் பளபளப்பு திரும்பிவிடும். மாற்றாகக் கிடைக்கும் பட்டைகளில் சாதாரண இரும்பின் மேல் குரோம் பூசியவையும் உண்டு. அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதால், கடற்காற்றின் உப்பு ஈரம் அவற்றின் வழியே இறங்கி, அடியில் துருவைக் கிளப்பி, பூச்சைக் கொப்புளம் கொப்புளமாக உரித்துவிடும். காந்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கார்ப் பட்டைகளுக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகு வகைகளில் சில காந்தத்தில் ஒட்டும். பட்டையின் உட்புறத்தையும் வெட்டுமுனையையும் பாருங்கள். பூச்சு உரிந்து செந்துரு தெரிந்தால் அது இரும்பு.

கழற்றும்போது கண்ணாடியை முழுவதும் இறக்கி, பெயிண்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, பிடிப்பு இருக்கும் இடங்களில் மட்டும் பிளாஸ்டிக் நெம்பியால் சிறிது சிறிதாகத் தூக்க வேண்டும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பட்டை மடிந்துவிடும். மடிந்த எஃகை நேராக்குவது மிகக் கடினம்.

பீடிங் கழன்று வந்த பிறகு தெரியும் கதவு விளிம்புதான் உண்மையான வேலை. அங்கே துரு இருந்தால் சுரண்டி, பிரைமரும் பெயிண்டும் அடித்து, நன்றாகக் காயவிட்ட பிறகே புதிய ரப்பரைப் பொருத்துங்கள். அவசரப்பட்டால் துரு உள்ளேயே வளரும். அப்படியே கதவின் அடிப்பகுதியில் உள்ள வடிகால் துளைகளையும் குத்திச் சுத்தம் செய்யுங்கள். எந்தப் பீடிங்கும் மழைநீரை முழுவதும் தடுக்காது; உள்ளே இறங்கும் நீர் இந்தத் துளைகள் வழியே வெளியேறும்படிதான் கதவு அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு குவளை நீரைக் கண்ணாடியின் மேல் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள்.

பொருத்திய பின் கண்ணாடி இறுக்கமாக ஏறினால் கிரீஸோ எண்ணெயோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சிலிகான் ஸ்ப்ரே போதும்.